இரண்டரை எலியும் ஒரு கல் ஆமையும்

தலையணைக்கடைக்காரர் ஒரு தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தபோது கைபேசி சிணுங்கியது. செய்தியைப் படித்தார். பாதி உறைக்குள்ளும் பாதி வெளியிலுமாக இருந்த தலையணையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்புள்ள ஆட்டக்காரரே! தாங்கள் விரும்பிப் பயன்படுத்தும் கல் ஆமை அட்டை அதன் விலைக்குத் தகுமா என்பதை அட்டை மதிப்பு நிர்ணய வாரியம் விசாரிக்க இருக்கிறது. தகாது என்று தெரிந்தால் அட்டை ஆட்டத்திலிருந்து நீக்கப்படும். உலகத்தில் இந்த அட்டையைத் தொடர்ந்து பயன்படுத்துகிறவர் தாங்கள் ஒருவரே. எனவே தங்கள் வருகையை வரவேற்கிறோம். தாங்கள் வராவிட்டால் அதையும் வரவேற்கிறோம்."

விலை என்றதும் பணம் என்று நினைத்துவிட வேண்டாம். அது கைபேசியில் இரண்டு பேர் எதிரெதிராக ஆடும் அட்டை ஆட்டம். முதல் சுற்றில் ஒரு சக்தி கிடைக்கும், இரண்டாவது சுற்றில் இரண்டு, இப்படியே ஏறிப் பத்தில் நின்றுவிடும். தலைகீழாக நின்றாலும் பத்துக்கு மேல் கிடையாது. ஒவ்வோர் அட்டையையும் இறக்க இத்தனை சக்தி ஆகும் என்று ஒரு கணக்கு உண்டு. அதுதான் விலை. எலிக்கு இரண்டு. எலி கடிக்கும். புலிக்கு ஆறு. புலி கிழித்து எறிந்துவிடும். கல் ஆமைக்கு ஐந்து. அதை இறக்கினால் மூன்று சுற்றுக்கு யாரும் யாரையும் தாக்க முடியாது. ஆமை கடிக்காது, நகராது, கண்ணைக்கூடச் சிமிட்டாது. ஐந்து சக்தியை வாங்கிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருக்கும். புத்தியுள்ள எவனும் அதைத் தொடமாட்டான். வாரியம் சந்தேகப்பட்டதைத் தப்பு சொல்ல முடியாது.

தலையணைக்காரருக்கும் புத்தி இருந்தது. ஆனால் அவருக்கு ஓர் அண்ணனும் இருந்தார்.

அப்பா விட்டுப்போனது ஒரே கடை. மெத்தையும் தலையணையும் விற்கிற கடை. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்துதான் நடத்தினார்கள். ஒருநாள் பெரிய மெத்தை ஒன்றை வாங்கியவரிடம் அண்ணன் தாராளமாக, "ஒரு தலையணை சும்மா எடுத்துக்குங்க" என்றார். தம்பி அவர் எதிரிலேயே, "சும்மாவெல்லாம் கிடையாது" என்றார். வாங்க வந்தவர் மெத்தையைத் தூக்கிக்கொண்டு நல்லபடியாக வீடுபோய்ச் சேர்ந்து, அன்றைக்கே அதில் படுத்துத் தூங்கியும் இருப்பார். இவர்கள் இருவரும் இன்னும் அதே இடத்தில் நிற்கிறார்கள். கடைக்கு நடுவே ஒரு ப்ளைவுட் தடுப்பு எழும்பியது. பிரிவினையில் அண்ணனுக்கு மெத்தை, தம்பிக்குத் தலையணை. மெத்தை வாங்குகிறவர்கள் தலையணை வேண்டும் என்றால் வெளியே இறங்கிப் பக்கத்து வாசலில் ஏற வேண்டும். பக்கத்தில் தலையணை கிடைக்குமா என்று கேட்டால் அண்ணன், "தெரியாதுங்க" என்பார். தடுப்புக்கு இந்தப் பக்கம் தம்பி அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். கடைத்தெருவில் ஒருவருக்கு மெத்தை என்றும் மற்றவருக்குத் தலையணை என்றும் பெயர் விழுந்துவிட்டது. மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை.

மனைவிமார் மட்டும் பேசிக்கொண்டார்கள். சேர்ந்தே காய்கறி வாங்கப் போனார்கள். அப்படிப் போய் வந்த ஒருநாள் தலையணைக்காரரின் மனைவி சொன்னார்: "நீங்க நோண்டுற இதே கருமத்தைத்தான் உங்க அண்ணனும் நோண்டிக்கிட்டு இருக்காராம். அக்கா தலையில அடிச்சுக்கிறாங்க."

மறுநாள் மதியம், கடையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், தலையணைக்காரர் ஆட்டத்தில் அண்ணன் பெயரைத் தேடிப்பிடித்து ஓர் அழைப்பு அனுப்பினார். தடுப்புக்கு அந்தப் பக்கம் கைபேசி சிணுங்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அழைப்பு ஏற்கப்பட்டது.

அந்த ஆட்டத்தில் வாய்க்கு வந்ததைப் பேச முடியாது. ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஆறே ஆறு சொற்களைப் பொத்தானாக வைத்திருந்தார்கள். வணக்கம், அருமை, அடடா, யோசிக்கிறேன், மன்னிக்கவும், நன்றி. ஒரு வயிற்றில் பிறந்த இருவரின் உறவு இந்த ஆறு பொத்தான்களில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் ஒருமுறை 'மன்னிக்கவும்' என்பதை அழுத்தினார். அது புலியைத் தப்பான இடத்தில் இறக்கியதற்கா, அல்லது அந்தத் தலையணை விஷயத்துக்கா என்று தம்பி பல நாள் தூக்கம் கெட்டு யோசித்தார். மனைவியிடம் கேட்டார்.

"கை பட்டிருக்கும்" என்றார் மனைவி.

அண்ணனுக்குப் பொறுமை கிடையாது. ஆறாவது சுற்றில் ஒரு புலி, ஏழாவதில் இன்னொரு புலி, ஆட்டம் முடிந்தது. வணக்கத்துக்கும் நன்றிக்கும் நடுவில் ஒரு டீ ஆறுவதற்குக்கூட நேரமில்லை. தோற்பதில் தம்பிக்கு வருத்தமே இல்லை. சீக்கிரம் தோற்பதில்தான் வருத்தம். அப்போதுதான் அவர் கல் ஆமையைக் கண்டுபிடித்தார். ஐந்தாவது சுற்றில், புலி வருவதற்கு முன்னால், ஆமையை இறக்கினார். மூன்று சுற்றுக்கு அண்ணனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. 'அடடா' என்றார். தம்பி 'யோசிக்கிறேன்' என்றார். யோசிக்க ஒன்றும் இல்லை. ஆமை போனதும் இன்னோர் ஆமை. தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிடுவதும், அண்ணன் பெருமூச்சு விடுவதும், தொண்டையைக் கனைத்துக்கொள்வதும் கேட்கும். தலையணைக்காரர் கைபேசியை மடியில் வைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவருடைய நாளில் அதுதான் நல்ல நேரம்.

ஆமை போனால் அதுவும் போய்விடும். எனவே அவர் கடையைச் சாத்திவிட்டு வாரியத்துக்குப் புறப்பட்டார்.

ஆட்டக்காரர்கள் விலைக்குத் தகாத அட்டைகளால் ஏமாற்றப்படுகிறார்கள் என்று எங்கோ யாரோ ஒருவர் புகார் கொடுத்ததால் பிறந்தது அந்த வாரியம். புகார் கொடுத்தவர் அந்த ஆட்டத்தை எப்போதோ விட்டுவிட்டார். வாரியம் விடவில்லை. நான்கு மாடிக் கட்டடத்தில் இரண்டு மாடி அவர்களுடையது. சுவரில் புதுப் பெயின்ட் வாசனை. நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறையை யாரும் இன்னும் கழற்றவில்லை. வரவேற்பு மேசையில் ஒரு குமாஸ்தா அம்மா ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அட்டையைக் கொண்டு வந்திருக்கீங்களா?"

"போன்ல இருக்குங்க."

"போனை உள்ள கொண்டுபோகக் கூடாது. இந்தப் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டுப் போங்க."

"அப்ப அட்டை?"

"அதுவும் பூட்டித்தான் இருக்கும்."

"அப்ப உள்ள எதை விசாரிப்பீங்க?"

குமாஸ்தா அம்மா ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். "இந்தக் கேள்வியை உள்ள கேட்டுடாதீங்க சார். போன தடவை கேட்டவருக்குப் பதில் சொல்ல ஒரு துணைக்குழு போட்டாங்க. அவங்க இன்னும் மேல் மாடியில உக்காந்திருக்காங்க."

நீண்ட மேசைக்குப் பின்னால் ஏழு பேர் இருந்தார்கள். நடுவில் தலைவர். அவருக்கு வலப்பக்கம் ஒல்லியாக ஒரு நிபுணர், இடப்பக்கம் சட்ட ஆலோசகர். மற்ற நான்கு பேரும் தலையாட்டுவதற்காக இருந்தார்கள், அதைக் குறைவில்லாமல் செய்தார்கள். மேசையின் மேல் கல் ஆமையின் படம் ஒரு தாளில் அச்சாகிக் கிடந்தது. வண்ண மை தீர்ந்துபோயிருந்ததால் ஆமை கறுப்பாகவும் கோபமாகவும் இருந்தது.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"நான் இந்தத் துறைக்கு வந்து தலை நரைச்சுப்போச்சு. இன்னைய வரைக்கும் இந்த ஆட்டத்தை ஒரு தடவைகூட ஆடினதில்லை. பெருமைக்காகச் சொல்லலை. ஆடினவனுக்கு ஒரு அட்டை மேல ஆசை வரும். ஆசை வந்தவன் எப்படி நியாயமா மதிப்புப் போடுவான்? இங்க உக்காந்திருக்கிற யாரும் ஆடினதில்லை. எங்க உறுப்பினர் ஒருத்தர் வீட்டுல ரகசியமா ஆடுறார்னு தெரிஞ்சது. அன்னைக்கே வெளியே அனுப்பிட்டோம். தங்கமான மனுஷன். எங்கள்ல அவர் ஒருத்தருக்குத்தான் இதைப் பத்தி ஏதோ தெரியும். இருந்தாலும் கொள்கைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

நான்கு பேர் தலையாட்டினார்கள்.

அடுத்து ஒல்லி நிபுணர் எழுந்தார். அட்டைகளை எலியால் அளக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் அவர்தான். அதற்காக அவருக்கு ஒரு கேடயம் கொடுத்திருந்தார்கள். வாரியத்தில் எல்லாரும் அவரை எலி நிபுணர் என்றே அழைத்தார்கள், அவருக்கும் அதில் சந்தோஷம்தான்.

"எலிக்கு ரெண்டு சக்தி" என்றார் எலி நிபுணர். "ஆமைக்கு அஞ்சு. அப்படின்னா ஒரு ஆமையோட விலைக்கு ரெண்டரை எலி வாங்கலாம். ரெண்டரை எலி செய்யிற வேலையை இந்த ஆமை செய்யுதா? கேள்வி அவ்வளவுதான்."

"அரை எலி உயிரோட இருக்குமா?" என்று கேட்டார் சட்ட ஆலோசகர்.

எலி நிபுணர் தயங்கினார்.

"ஏன் கேக்கிறேன்னா, செத்த எலியைக் கணக்குல சேர்க்க விதியில இடமில்லை."

"உயிரோட இருக்கிறதா வெச்சுக்கலாம்."

"வெச்சுக்கிட்டா எந்தப் பாதி? முன்பாதியில பல் இருக்கு. பின்பாதியில வால்தான் இருக்கு. ரெண்டுக்கும் ஒரே மதிப்பா?"

"நீளவாக்குல வெட்டினா?" என்றார் தலையாட்டிகளில் ஒருவர், முதன்முறையாக வாயைத் திறந்து. எல்லாரும் அவரை மரியாதையோடு திரும்பிப் பார்த்தார்கள்.

தலையணைக்காரர் கையை உயர்த்தினார். "ஐயா, அரை எலி ஆட்டத்துலயே இல்லைங்க."

"நீங்க சாட்சி" என்றார் தலைவர் அன்போடு. "எலி விஷயத்துல தலையிடாதீங்க."

அரை எலியை எந்தத் திசையில் வெட்டுவது என்று முடிவு செய்ய ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. மேல் மாடியில் இடமில்லாததால் படிக்கட்டுக்குக் கீழே அவர்களுக்கு மேசை போட்டார்கள். விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த அமர்வில் செய்முறைச் சோதனை. அட்டையை ஒருமுறை நேரிலேயே இறக்கிப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்திருந்தார்கள். அதற்காக வாரியத்தின் சொந்தக் கைபேசி ஒன்று துணியில் சுற்றிக் கொண்டுவரப்பட்டது. ஆடத் தெரிந்தவர் யாரும் இல்லாததால் ஒவ்வோர் அசைவும் தீர்மானமாகக் கொண்டுவரப்பட்டது. "எலியை இறக்கலாம் என்று முன்மொழிகிறேன்" என்பார் ஒருவர். "வழிமொழிகிறேன்" என்பார் இன்னொருவர். எதிரில் ஆடியவர் எந்த நாட்டுக்காரரோ தெரியாது, 'யோசிக்கிறேன்', 'யோசிக்கிறேன்' என்று அழுத்திக்கொண்டே இருந்தார். ஐந்தாவது சுற்றில், சுற்றின் நேரம் முடியச் சற்று முன், சூடான விவாதத்துக்குப் பிறகு, நான்குக்கு மூன்று என்ற கணக்கில் ஆமை இறக்கப்பட்டது.

மூன்று சுற்றுக்கு யாரும் யாரையும் தாக்க முடியாது. முன்மொழிய ஒன்றுமில்லை. ஏழு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரோ நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். சட்ட ஆலோசகர் தன் முட்டிவலியைப் பற்றிச் சொன்னார். எலி நிபுணர் அதற்கு ஒரு தைலம் சொன்னார், கூடவே தன் மகள் இரண்டு மாதமாகத் தன்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றும் சொன்னார். தலைவர் தன் மேசைக்குள் இருந்த பிஸ்கட் டப்பாவை வெளியே எடுத்தார். சாட்சிக்கும் இரண்டு பிஸ்கட் கிடைத்தது.

"நாம எல்லாரும் இப்படி உக்காந்து பேசி எவ்வளவு நாளாச்சு" என்றார் தலைவர். "ஒரே ஆபீஸ்லதான் இருக்கோம்."

ஆமையின் நேரம் முடிந்தது. எதிராளி ஒரு புலியை விட்டு வாரியத்தைக் கிழித்துப் போட்டார். பிஸ்கட் டப்பா மேசைக்குள் போயிற்று. எலி நிபுணர் முடிவை வாசித்தார்: "சோதனையின்போது கல் ஆமையால் எந்தப் பயனும் விளையவில்லை."

நான்கு பேர் தலையாட்டினார்கள். தலையணைக்காரர் மெல்லுவதை நிறுத்தினார். வாயில் இன்னும் பிஸ்கட் இருந்தது.

வெளியே வந்தபோது குமாஸ்தா அம்மா பெட்டியைத் திறந்து கைபேசியைக் கொடுத்தார். தலையணைக்காரர் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்ததோ என்னவோ, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடுத்த தடவை உங்களைப் பேசச் சொல்லுவாங்க. என்ன சொல்லப்போறீங்க?"

"நல்ல அட்டைன்னு சொல்லுவேன்."

"சொல்லாதீங்க."

"ஏங்க?"

"விலையும் மதிப்பும் சமமா இருக்கணும், அதான் இங்க கொள்கை. மதிப்பு அஞ்சுக்குக் குறைஞ்சா அட்டையை நீக்கிடுவாங்க. அஞ்சுக்குக் கூடினா, கூடின அளவுக்கு விலையை ஏத்திடுவாங்க. போன வருஷம் ஒரு பொண்ணு வௌவால் அட்டைக்காக வந்துச்சு. என்ன அழகாப் பேசிச்சு தெரியுமா? எனக்கே அழுகை வந்துடுச்சு. வௌவாலுக்கு இப்ப பதிமூணு சக்தி."

"ஆட்டத்துல பத்துதானேங்க கிடைக்கும்?"

"அதான். அட்டை இருக்கு, பார்க்கலாம். இறக்க முடியாது. அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் வரவே இல்லை." அவர் பூட்டைச் சரிபார்த்தார். "அதனால நீங்க சரியா அஞ்சுன்னு சொல்லணும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்."

"அஞ்சுன்னே முடிவானா?"

"விசாரணையே வீண்னு ஆயிடும். இதுவரைக்கும் அப்படி நடந்ததில்லை. நடக்கக் கூடாதுன்னும் இல்லை."

அன்று சாயங்காலம் தலையணைக்காரர் வீட்டில் ஒத்திகை நடந்தது. மனைவி கட்டிலில் உட்கார்ந்து வாரியமாக இருந்தார்.

"இந்த அட்டை எப்படி?"

"அருமையான அட்டைங்க."

"போச்சு. பதினொண்ணு."

"சரி சரி. சுமாரான அட்டைங்க."

"நீக்கியாச்சு."

"அப்ப எப்படித்தான் சொல்றது?"

"நான் புதுசா ஏதாவது சமைச்சுப் போட்டா சாப்பிட்டுட்டு ஒண்ணு சொல்வீங்களே, அதே மாதிரி சொல்லுங்க."

தலையணைக்காரர் யோசித்து, "பரவால்ல" என்றார்.

"அதேதான். அந்த மூஞ்சியை அப்படியே வெச்சுக்குங்க." மனைவி எழுந்து துணியை மடிக்க ஆரம்பித்தார். "இவ்வளவு கூத்துக்குப் பதிலா அந்தப் பலகையைத் தட்டி 'அண்ணே'ன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டா நாக்கு தேஞ்சா போயிடும்?"

"மொதல்ல அவர் கூப்பிடட்டும்."

"அவரும் அக்காகிட்ட இதையேதான் சொல்றாராம். நல்ல அண்ணன், நல்ல தம்பி."

கடைசி அமர்வன்று தலையணைக்காரர் பரவாயில்லை என்ற முகத்தோடு போய் நின்றார். அரை எலித் துணைக்குழு இன்னும் வெட்டவில்லை என்பதால் சாட்சியின் சொல்லை மட்டும் வைத்து முடிவெடுப்பது என்று தலைவர் அறிவித்தார்.

"சொல்லுங்க. இந்த அட்டை விலைக்குத் தகுமா?"

"தகுங்க. சரியா அஞ்சுக்குத் தகும்."

"நாலரைக்கு?"

"இல்லைங்க ஐயா."

"அஞ்சரை?"

"சேச்சே. அவ்வளவெல்லாம் இல்லைங்க. பரவால்ல ரகம்."

சட்ட ஆலோசகர் ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார். கதவருகில் நின்றிருந்த குமாஸ்தா அம்மா கண்ணால் சபாஷ் போட்டார். இன்னும் ஒரு நிமிஷம் எல்லாரும் சும்மா இருந்திருந்தால் வாரியத்தின் சரித்திரத்திலேயே முதன்முறையாக ஒரு விசாரணை வீணாகியிருக்கும். எலி நிபுணர் சும்மா இருக்கவில்லை.

"ஒரு சந்தேகம். ஆமை கடிக்காது. ஜெயிக்கவும் வைக்காது. நீங்க இதை வெச்சு ஆடினதுல பெரும்பாலும் தோத்திருக்கீங்க. அப்புறமும் இதையே இறக்குறீங்க. உங்களுக்கு ஆடத் தெரியாதுன்னு எழுதிக்கலாமா? ஆடத் தெரியாதவர் சாட்சி செல்லாது. அட்டையை இப்பவே நீக்கிடலாம்."

நான்கு பேர் தலையாட்டத் தொடங்கினார்கள். அதைப் பார்த்ததும் தலையணைக்காரரின் முகத்திலிருந்து பரவாயில்லை கழன்று விழுந்தது.

"ஆடத் தெரியும்" என்றார். "எங்க அண்ணன் கூடத்தான் ஆடுறேன். பக்கத்துக் கடை. நடுவுல ஒரு பலகைதான். மூணு வருஷமா அவர் என்கூடப் பேசுறதில்லை, நானும் பேசுறதில்லை. ஒரு தலையணைக்காக. சும்மா கொடுத்திருந்தா என்ன கெட்டுப்போயிருக்கும்? என் புத்தி அப்படி. அவருக்குப் பொறுமையே கிடையாதுங்க, படபடன்னு புலியை இறக்கி முடிச்சுட்டுப் போயிடுவார். ஆமையை வெச்சா மூணு சுற்று அவரால எங்கயும் போக முடியாது. சும்மா உக்காந்திருப்பார். பெருமூச்சு விடுவார். எனக்கு அது கேக்கும். சின்ன வயசுல ஒரே மெத்தையில படுத்துத் தூங்கினவங்க நாங்க. அந்த மூச்சு எனக்கு நல்லாத் தெரியும். நான் ஜெயிக்கிறதுக்கு ஆடலைங்க. அவர் எழுந்து போயிடக் கூடாதுன்னு ஆடுறேன்."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்ட ஆலோசகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எலி நிபுணருக்கு உதடு துடித்தது. கதவருகில் குமாஸ்தா அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதைப் பார்த்த பிறகுதான் தலையணைக்காரருக்கு உறைத்தது. "ஆனா பெரிசா ஒண்ணும் இல்லைங்க" என்றார் அவசரமாக. "சும்மா ஒரு பொழுதுபோக்கு. பரவால்ல ரகம்தான்."

"தன்னடக்கம் வேற" என்றார் தலைவர் தழுதழுத்து. "இதை அஞ்சுன்னு விட்டா நம்மளை மனுஷன்னே சொல்ல முடியாது. நான் ஏழுங்கிறேன்."

"ஏழா?" என்று திரும்பினார் சட்ட ஆலோசகர். அவர் கண் கலங்கியிருந்தது. "கூடப் பிறந்தவங்களோட பாசத்துக்கு ஏழுதானா? எனக்கும் ஒரு தம்பி இருக்கான். ஒன்பது!"

"நாலரை எலி" என்று எலி நிபுணர் முணுமுணுத்தார். பிறகு மேசையைத் தட்டினார். "எலியைத் தூக்கிக் குப்பையில போடுங்க. பதினொண்ணு!"

"ஐயா, வேண்டாங்க ஐயா" என்று தலையணைக்காரர் மேசையை நோக்கி ஓடினார். "ஆட்டத்துல பத்துக்கு மேல சக்தியே கிடையாது. பதினொண்ணுன்னு வெச்சா அதை யாராலயும் இறக்கவே முடியாது!"

தலைவர் எழுந்து வந்து அவர் தோளில் ஆதரவாகக் கை வைத்தார்.

"இருக்கலாம்" என்றார். "எங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்க ஆடுறதில்லையே."

பதினொன்று ஏகமனதாக நிறைவேறியது. ஏழு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஓர் எளிய மனிதரின் உணர்வை வாரியம் மதித்த நாள் இது என்று தலைவர் பேசினார். தலையணைக்காரரை நடுவில் நிறுத்திப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். புகைப்படத்தில் அவரைத் தவிர எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மறுநாள் மதியம் ஆமை பதினொன்று ஆகிவிட்டிருந்தது. வாரியத்தின் தாளில் இருந்த கறுப்பு ஆமை போலில்லாமல் பளபளவென்று பச்சையாக, சுற்றிலும் தங்கக் கோடு போட்டு, அழகாக இருந்தது. தொட்டால் 'சக்தி போதாது' என்றது. கடையில் ஆள் இல்லை. அழைப்பு அண்ணனிடமிருந்து வந்தது. வணக்கம், வணக்கம். ஐந்தாவது சுற்றில் தலையணைக்காரர் ஓர் எலியை இறக்கினார். ஆறாவதில் புலி வந்தது. ஏழாவதில் இன்னொரு புலி. முடிந்தது. நன்றி.

இன்னோர் ஆட்டம் ஆடினார்கள். அதுவும் அப்படியே முடிந்தது. மூன்றாவது ஆட்டத்தில் அண்ணன் புலியை இறக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார். ஆனால் ஆட்டம் யாருக்காகவும் காத்திருக்காது, நேரம் முடிந்ததும் அதுவாகவே புலியை எடுத்து இறக்கிவிட்டது. மறுபடி 'நன்றி' வந்தது. அதன்பிறகு ஒன்றும் வரவில்லை. தலையணைக்காரர் கைபேசியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்று வருஷத்தில் முதன்முறையாக அவருக்கு அழ வேண்டும்போல் இருந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. கைதட்டியவர்கள் மேல் எப்படிக் கோபப்படுவது?

அப்போது தடுப்புப் பலகை அதிர்ந்தது. அந்தப் பக்கம் யாரோ முஷ்டியால் குத்தியிருக்கிறார்கள். அடுக்கியிருந்த தலையணைகளில் மேலே இருந்த இரண்டு உருண்டு விழுந்தன.

"டேய்!"

தலையணைக்காரர் எழுந்து நின்றார்.

"உன்னை யார்டா அங்க போய் அழச் சொன்னது? எல்லாம் உங்க அண்ணி சொன்னா. அஞ்சுன்னு சொல்லிட்டு வாயை மூடிக்கிட்டு வரவேண்டியதுதானே? ஒரு இடத்துல, ஒரே ஒரு இடத்துல பேசாம இருக்கத் தெரியுதா உனக்கு? அன்னைக்குக் கடையில வந்தவர் முன்னாடி வாயைத் திறக்கக் கூடாதப்ப திறந்தே. அப்புறம் திறக்க வேண்டியப்ப மூணு வருஷம் மூடிக்கிட்டே. இப்ப எவன்கிட்டயோ போய் என் மூச்சு வரைக்கும் சொல்லிட்டு வந்திருக்கே! இனிமே மத்தியானத்துல நான் என்னடா பண்றது? சொல்லு, என்ன பண்றது?"

அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. வாங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். சின்ன வயசில் தம்பி உடைத்த சைக்கிள், அப்பாவிடம் மாட்டிவிட்டது, போர்வையை மொத்தமாக இழுத்துக்கொள்ளும் பழக்கம் என்று ஒன்றொன்றாக வந்தது. கடை வாசலில் ஒருவர் ஏறி, "ரெண்டு தலையணை வேணும்" என்றார். தலையணைக்காரர் உதட்டில் விரலை வைத்து அவரைச் சும்மா இருக்கச் சொன்னார். பிறகு பலகையின் மேல் காதை அழுத்தி வைத்துக்கொண்டார்.

"கேக்குதாடா நான் சொல்றது?"

ஒரு சொல் விடாமல் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"சரியாக் கேக்கலைண்ணே" என்றார் தலையணைக்காரர். "இந்தப் பக்கம் வந்து திட்டுங்க."